இடிபாட்டுக்குள் மூச்சைத் தேடும் அலைகள்

கொல்கத்தா நகரில் ஒரு பாலமோ கட்டடமோ சரிந்தால் முதல் ஒரு மணி நேரத்தில் எழும் கேள்வி ஒன்றுதான். உள்ளே எத்தனை பேர்? எந்த இடத்தில்? கிரேன் வந்துவிடுகிறது. காஸ் கட்டர் வந்துவிடுகிறது. ராணுவமும் வந்துவிடுகிறது. ஆனால் எந்தக் கல்லை முதலில் தூக்குவது என்று சொல்ல ஆள் இல்லை.

2016 மார்ச் 31-ந் தேதி பகல் வேளையில் கிரிஷ் பார்க் அருகே, கணேஷ் டாக்கீஸ் சந்திப்பில், கட்டப்பட்டு வந்த விவேகானந்தா ரோடு மேம்பாலம் சரிந்ததை நகரத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அன்று முதலில் கை கொடுத்தவர்கள் அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களும் கூலியாட்களும்தான். வெறும் கையால் கல்லைப் புரட்டினார்கள். இரும்புத் தூலங்களுக்கு அடியில் அகப்பட்டவர்களுக்கு இடுக்கு வழியாகத் தண்ணீர் கொடுத்தார்கள். குரல் கேட்ட இடத்தில் தோண்டினார்கள். குரல் கொடுக்க முடியாதவர் கிடந்த இடம்?

2018 செப்டம்பர் 4-ல் மாஜேர்ஹாட் பாலம் விழுந்தது. 2024 மார்ச் 17-ந் தேதி நள்ளிரவில் கார்டன் ரீச்சில், கட்டி முடியாத ஐந்து மாடிக் கட்டடம் பக்கத்துக் குடிசைகளின் மேல் சாய்ந்தது. பத்துக்கும் அதிகமான உயிர்கள் போயின. அனுமதியின்றி எழும்பிய கட்டடம் என்று மேயரே ஒப்புக்கொண்டார். சந்து குறுகலானதால் பெரிய இயந்திரங்கள் உள்ளே நுழையச் சிரமப்பட்டன. அந்த மாதிரிச் சந்தில் என்ன கருவி போக முடியும்? ஒரு மனிதன் கையில் தூக்கிச் செல்லக்கூடிய கருவிதான் போக முடியும். மேலே எழுப்பிய கேள்விக்கு விஞ்ஞானிகள் தேடிவரும் விடையும், அந்த விடையைச் சூட்கேஸ் அளவுக்குச் சுருக்குவதில் உள்ள சங்கடமும் இங்கேதான் ஒன்று சேருகின்றன.

மூச்சு விடும் மார்பு

ரேடார் என்றதும் விமான நிலையத்தில் சுழலும் பெரிய தட்டுதான் நினைவுக்கு வரும். தத்துவம் அதேதான். ஒரு அலையை அனுப்புவது, அது எதிலாவது பட்டுத் திரும்பி வருவதைக் கவனிப்பது. விமானம் ஓடுகிறது, அதனால் திரும்பும் அலை மாறுகிறது. இடிபாட்டுக்குள் கிடக்கும் மனிதன் ஓடவில்லை. கை கால் அசைக்க முடியாமலும் இருக்கலாம். ஆனால் உயிர் இருக்கும் வரை மார்பு ஏறி இறங்குகிறது. நிமிடத்துக்குச் சுமார் பன்னிரண்டிலிருந்து இருபது தடவை, ஒவ்வொரு தடவையும் சில மில்லிமீட்டர். இதயத்துடிப்பால் மார்பின் மேற்புறம் அசைவது அதைவிடவும் குறைவு, அரை மில்லிமீட்டர் அளவே இருக்கும்.

இந்த அசைவைக் கணக்கில் பிடிக்க முடியுமா? முடியும். பன்னிரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள அலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். வீட்டு மைக்ரோவேவ் அடுப்பில் வேலை செய்வது ஏறத்தாழ இந்த அலைதான். மார்பு அரை சென்டிமீட்டர் முன்னே வந்தால், அலை போய் வரும் வழி ஒரு சென்டிமீட்டர் குறைகிறது. அதாவது அலையின் நீளத்தில் ஏறக்குறைய பன்னிரண்டில் ஒரு பங்கு. இன்றைய மின்னணுச் சாதனங்களுக்கு இது பெரிய மாறுதல். சுற்றியுள்ள செங்கல்லும் கம்பியும் அசைவதில்லை. அவற்றிலிருந்து வரும் எதிரொலி எவ்வளவு பலமாக இருந்தாலும் மாறாமல் இருக்கிறது. மாறாததைக் கழித்துவிட்டு, மூன்று நான்கு விநாடிக்கு ஒருமுறை மாறுவதை மட்டும் வைத்துக்கொண்டால், அது மூச்சு.

இதன் சரித்திரம் புதியதல்ல. 1975-லேயே அமெரிக்காவில் ஜேம்ஸ் லின் என்ற ஆராய்ச்சியாளர், மைக்ரோவேவ் அலையால் உடலைத் தொடாமலே சுவாசத்தை அளக்கலாம் என்று காட்டினார். மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் குன்-மு சென் என்பவரும் அவருடைய சகாக்களும் 1980-களில் இதையே உயிர்தேடும் கருவியாக வளர்த்தனர். முதலில் மூன்று சென்டிமீட்டர் அலையைப் பயன்படுத்தினர். திறந்த வெளியில் அது நன்றாக வேலை செய்தது. இடிபாட்டின் மேல் வைத்துப் பார்த்தால் அவ்வளவு சிறிய அலை ஆழத்துக்கு இறங்கவில்லை. ஆகவே நீண்ட அலைகளுக்கு மாறினார்கள். 2000-ம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட கட்டுரை 450 மெகாஹெர்ட்ஸ், 1150 மெகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளை ஒப்பிட்டுக் காட்டியது. இந்த விஷயத்தில் அக்கறை கொண்டவர்கள் இன்றும் அந்தக் கட்டுரையை எடுத்துப் பார்க்கிறார்கள்.

கம்பி வலையும் ஈரச் செங்கல்லும்

அந்த ஒப்பீட்டில் கண்ட முடிவு கொல்கத்தாவுக்கு மிகவும் பொருத்தமானது. நீண்ட அலை ஆழமாக இறங்கும் என்பது பொதுவான விதி. 450 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 67 சென்டிமீட்டர், 1150-ன் நீளம் 26 சென்டிமீட்டர். கம்பி இல்லாத வெறும் செங்கல், மண் குவியலில் 450 ஆழமாகச் செல்கிறது. ஆனால் இன்றைய கட்டடம் வெறும் செங்கல் அல்லவே. ஆர்.சி.சி. தளத்தில் அரை அடிக்கு ஒன்றாகக் கம்பி குறுக்கும் நெடுக்கும் கட்டியிருக்கிறது. 67 சென்டிமீட்டர் அலைக்கு அந்த வலை ஏறக்குறைய இரும்புச் சுவர் மாதிரி. 26 சென்டிமீட்டர் அலை அதன் கண்களில் ஓரளவு சுலபமாக நுழைந்துவிடுகிறது. கம்பி வலை உள்ள இடிபாட்டில் 1150-தான் மேல் என்று அவர்கள் கண்டனர்.

கொல்கத்தாவில் இரண்டு வகையும் உண்டு. வடக்குக் கல்கத்தாவின் பழைய மாளிகைகள் செங்கல்லும் சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்த்துக் கட்டியவை. பக்கத்துச் சந்திலேயே ஆர்.சி.சி. அடுக்குமாடி எழும்புகிறது. 2019 ஆகஸ்டு இறுதியில் பௌபஜாரில் மெட்ரோ சுரங்கம் தோண்டும்போது நிலத்தடி நீர் உடைத்துக்கொண்டு வீடுகள் விரிசல் விட்டுச் சரிந்தனவே, அவை பெரும்பாலும் பழைய ரகம். நல்லவேளையாக ஜனங்களை முன்கூட்டியே வெளியேற்றியிருந்தார்கள். ஒரே அலைவரிசையில் வேலை செய்யும் கருவியை இந்த நகரத்துக்குக் கொண்டுவந்தால் பாதி இடங்களில் அது குருடாகிவிடும்.

இதற்கு மேல் தண்ணீர். மைக்ரோவேவ் அலைக்குத் தண்ணீர் பரம விரோதி. அடுப்பில் சோறு சூடாவதே அலையைத் தண்ணீர் உறிஞ்சிக்கொள்வதால்தான். ஆடி ஆவணி மாதத்து மழையில் ஊறிய செங்கல்லும் கங்கைக் களிமண்ணும் அலையை உறிஞ்சிக் குடித்துவிடும். போகும்போது ஒரு பங்கு இழப்பு, திரும்பும்போது மறுபடியும் அதே இழப்பு. வெளிநாட்டுக் கம்பெனிகளின் விளம்பரத் தாளில் முப்பது அடி என்றிருந்தால், அது எந்த ஊர்க் குவியலில், எந்த மாதத்தில் என்று கேட்டுவிட்டுத்தான் நம்ப வேண்டும்.

இரும்புத் தகட்டுக்கு அப்பால் எந்த அலையும் போகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2016-ல் விழுந்தது பெரும்பாலும் இரும்புத் தூலம். அதற்கு நேர் அடியில் இருந்தவரை மேலே இருந்துகொண்டு எந்த ரேடாரும் கண்டிருக்காது. பக்கவாட்டில் ஒரு இடைவெளி கண்டுபிடித்து, அதன் வழியே ஆண்டெனாவைச் செலுத்தினால்தான் உண்டு.

ஆண்டெனாவைச் சுருக்கும் கலை

இங்கே பிரச்சினையின் நடுப்பகுதிக்கு வருகிறோம். அலையை அனுப்புவதும் வாங்குவதும் ஆண்டெனா. அதன் அளவை நிர்ணயிப்பவர் எஞ்சினீயர் அல்ல, அலையேதான். சாதாரணமாக ஒரு ஆண்டெனா நன்றாக வேலை செய்ய வேண்டுமானால் அலையின் நீளத்தில் பாதி அளவாவது இருக்க வேண்டும். 450 மெகாஹெர்ட்ஸுக்கு அது ஒரு அடிக்குச் சற்று அதிகம். அலையை ஒரே திசையில் குவிக்க வேண்டுமென்றால் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. ஊதுகுழல் வாய் போன்ற ஹார்ன் ஆண்டெனா செய்தால் அதன் வாய் மட்டுமே ஒரு மீட்டருக்கு மேல் போகும். கார்டன் ரீச் சந்தில் அதை யார் தூக்கிப்போவது? இடிந்து நிற்கும் மாடிப்படியில் எப்படி ஏறுவது?

அதனால்தான் அச்சிட்ட தகடு வடிவ ஆண்டெனாக்கள் வந்தன. கண்ணாடி நார்ப் பலகை ஒன்றின் மேல் செப்புத் தகடு, அடியில் இன்னொரு செப்புத் தகடு, அவ்வளவுதான். ரேடியோ ரிப்பேர்க்காரர் கடையில் பச்சை நிறத்தில் கிடக்கும் அதே பலகைதான். பலகையின் ஊடே அலை மெதுவாகச் செல்வதால் நீளம் பாதியாகக் குறைகிறது. 450-க்கு ஒரு அடி என்பது பதினாறு சென்டிமீட்டராகவும், 1150-க்கு ஏறத்தாழ ஆறு சென்டிமீட்டராகவும் ஆகிவிடுகிறது. இன்னும் சுருக்க வேண்டுமா? தகட்டில் பிளவுகள் வெட்டுகிறார்கள். மின்சாரம் நேராகப் போக முடியாமல் வளைந்து வளைந்து போகிறது. ஹௌரா ஸ்டேஷன் டிக்கெட் கவுண்டரில் கம்பி கட்டி, சிறிய கூடத்துக்குள் நீண்ட க்யூவை மடித்து மடித்து நிறுத்துகிறார்களே, அந்த உத்திதான். கூடம் சிறிது, க்யூ நீளம்.

ஆனால் இந்த உலகத்தில் இலவசம் எதுவும் கிடையாது. ஆண்டெனாவைச் சுருக்கச் சுருக்க அது தாங்கும் அலைவரிசையின் அகலமும் குறைந்துகொண்டே போகும். அமெரிக்காவில் வீலர் 1947-லும், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் சூ 1948-லும் கணக்குப் போட்டு இதற்கு ஒரு எல்லை கட்டிவிட்டார்கள். இன்றுவரை அந்த எல்லையைச் சாமர்த்தியத்தால் ஒட்டிப் போகிறார்களே தவிர, தாண்டியவர் இல்லை.

அகலம் குறைந்தால் என்ன கெட்டுப்போகிறது? தூரம் தெரியாமல் போகிறது. மெல்லிய பலகையில் செய்த சாதாரணத் தகடு ஆண்டெனா, தன் அலைவரிசையில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு அகலத்தையே தாங்கும். 1150-ல் அது சுமார் 30 மெகாஹெர்ட்ஸ். இந்த அகலத்தை வைத்துக்கொண்டு 'ஐந்து மீட்டருக்குள் எங்கோ ஒரு மூச்சு இருக்கிறது' என்றுதான் சொல்ல முடியும். அகலம் 1000 மெகாஹெர்ட்ஸ் இருந்தால் பதினைந்து சென்டிமீட்டர் கணக்கில் தூரத்தைப் பிரித்துச் சொல்லலாம். ஐந்து மீட்டர் என்றால் ஒரு முழு அறை. அரை அடி என்றால் தலைமாட்டா கால்மாட்டா என்பதே தெரிந்துவிடும். தோண்டுகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் சில மணி நேரம். அந்தச் சில மணி நேரந்தான் உள்ளே இருப்பவருக்கு ஆயுசு.

ஆகவே சிறிதாகவும் இருக்க வேண்டும், அகன்ற அலைவரிசையையும் தாங்க வேண்டும். 1979-ல் கிப்சன் என்பவர் அறிமுகப்படுத்திய விவால்டி என்னும் ஆண்டெனா ஒரு வழி. பலகையில் ஒரு பிளவை மெல்ல மெல்ல அகலப்படுத்தி, நாதஸ்வரத்தின் அணசு போல விரியச் செய்வது. தட்டையானது, அகன்ற அலைவரிசை கொண்டது, முன்பக்கமே பார்க்கும். ஆனால் கீழ் அலைவரிசைக்கு வரவர அதன் வாயும் பெரிதாகத்தான் வேண்டும். வண்ணத்துப்பூச்சி போன்ற இரு முக்கோணத் தகடுகள் இன்னொரு வழி. இப்போது உலகெங்கும் வெளியாகும் ஆராய்ச்சிக் கட்டுரைகளில் பெரும்பாலானவை, இவற்றின் ஓரத்தில் எங்கே வெட்டினால், எங்கே ஒட்டினால் இன்னும் ஒரு சென்டிமீட்டர் குறையும் என்பதைப் பற்றியவைதான். கேட்க அற்பமாகத் தோன்றலாம். இடுக்கின் அகலம் ஆறு அங்குலம் என்றால் அந்த ஒரு சென்டிமீட்டர் அற்பமல்ல.

முதுகுக்குப் பின்னால் நிற்பவர்

அதிகம் பேசப்படாத இன்னொரு சங்கடம் உண்டு. ஆண்டெனா முன்பக்கம் மட்டும் பார்ப்பதில்லை. பின்பக்கமும் கொஞ்சம் கசியும். முன்னால் பத்தடி இடிபாட்டுக்கு அடியில் ஒருவர் மூச்சு விடுகிறார். பின்னால் நாலடி தூரத்தில் கருவியை இயக்குபவரும் மூச்சு விடுகிறார். யாருடைய மூச்சு பலமாகத் தெரியும்? பின்னால் இருப்பவருடையதுதான். சுருக்கிய ஆண்டெனாக்களில் இந்தப் பின்கசிவு இன்னும் அதிகம், ஏனெனில் அலையைத் தடுத்து நிறுத்தும் அடித்தகடும் கூடவே சிறியதாகிவிடுகிறது. பின்னால் தடுப்புப் பெட்டி வைக்கலாம், எடை கூடும். கருவியை வைத்துவிட்டு ஐம்பது அடி தள்ளி நின்று இயக்கலாம். கொல்கத்தாவில் ஐம்பது அடி வெற்றிடம் கிடைக்கும் விபத்து எது?

கும்பலையும் யோசிக்க வேண்டும். ரேடார் வேலை செய்யும் சில நிமிஷங்களுக்கு இயந்திரங்கள் நிற்க வேண்டும். ஆட்கள் அசையாமல் இருக்க வேண்டும். உறவினர் கதறிக்கொண்டிருக்கும் இடத்தில், ஆயிரம் பேர் உதவி செய்யத் துடிக்கும் இடத்தில், 'ஐந்து நிமிஷம் எல்லோரும் கல்லாய் நில்லுங்கள்' என்று சொல்லக் கருவி போதாது, போலீஸ் கட்டுப்பாடு வேண்டும். ஆய்வுக்கூடத்தில் சோதிக்கும்போது அங்கே கதறுகிறவர் யாரும் இருப்பதில்லை. ஆண்டெனாவைக் காற்றில் நிறுத்தி அளந்து பார்த்துச் சரி என்று எழுதுகிறார்கள். அதே ஆண்டெனாவை ஈரக் கான்கிரீட்டின் மேல் ஒட்டி வைத்தால் அதன் அலைவரிசையே நகர்ந்துவிடும். இந்தக் குறையை நிபுணர்கள் அறிந்தே இருக்கிறார்கள். இடிபாட்டின் மேல் வைத்தே அளக்க வேண்டும் என்பதற்காகச் செயற்கைக் குவியல் கட்டிச் சோதிப்பவர்களும் உண்டு.

நேபாளமும் வயநாடும்

இவ்வளவு தடைகளுக்கும் நடுவே கருவி உயிரைக் காத்தது உண்டா? உண்டு. அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் ஜெட் புரொபல்ஷன் லேபரட்டரி, சூட்கேஸ் அளவில் 'ஃபைண்டர்' என்ற கருவியைச் செய்து 2013-ல் அறிவித்தது. 2015 ஏப்ரல் 25-ல் நேபாளத்தில் பூகம்பம் ஏற்பட்டபோது (அன்று கொல்கத்தாவிலும் மெட்ரோ ரயிலை நிறுத்தும் அளவுக்கு ஆட்டம் உணரப்பட்டது) அந்தக் கருவி சௌதாரா என்ற ஊருக்குக் கொண்டுபோகப்பட்டது. இரண்டு இடிந்த கட்டடங்களில், பத்தடி வரை செங்கல்லும் மண்ணும் மூடிய நிலையில், நான்கு பேரின் இதயத்துடிப்பை அது காட்டியது. நால்வரும் உயிருடன் வெளியே வந்தனர். கம்பி வலை அதிகமில்லாத செங்கல் மண் குவியல் என்பதைக் கவனிக்க வேண்டும். மிச்சிகன்காரர்கள் சொன்னதும் அதுதான்.

வயநாட்டுக் கதை வேறு. 2024 ஜூலை 30-ந் தேதி அதிகாலை முண்டக்கை, சூரல்மலைப் பகுதியை மலைச்சரிவு அடித்துக்கொண்டு போனது. ஆகஸ்டு 2-ல் முண்டக்கையில் ஒரு வீடிருந்த இடத்தில் ரேடார் கருவி, உள்ளே மூச்சு இருப்பதாக அறிகுறி காட்டியது. நாடே டெலிவிஷன் முன் உட்கார்ந்துவிட்டது. மணிக்கணக்கில் தோண்டினார்கள். மனிதர் யாரும் கிடைக்கவில்லை. ஏதாவது பிராணியின் மூச்சாக இருக்கலாம் என்று கைவிட்டார்கள்.

இதைக் கருவியின் தோல்வி என்று எள்ளி நகையாடியவர்கள் உண்டு. அது சரியான பார்வை அல்ல. கருவி அசைவைத்தான் சொல்லும், அசைவது யார் என்று சொல்லாது. இல்லாத ஆளுக்காகத் தோண்டுவது ஒரு தவறு. இருக்கும் ஆளைத் தாண்டிப் போவது இன்னொரு தவறு. கருவியின் உணர்வைக் கூட்டினால் முதல் தவறு பெருகும், குறைத்தால் இரண்டாவது. இரண்டில் எது பொறுக்கத்தக்கது என்பதை எஞ்சினீயர் முடிவு செய்ய முடியாது. ஆனால் முதல் தவறுக்கும் விலை உண்டு. அந்த மணி நேரங்களில் வேறு ஒரு இடத்தில் தோண்டியிருக்கலாம்.

இன்னும் நாயை மிஞ்ச ஆள் இல்லை. 2023 பிப்ரவரியில் துருக்கி பூகம்பத்துக்கு இந்தியாவின் தேசிய பேரிடர் மீட்புப் படை போனபோது, ஜூலி என்ற நாய் இடிபாட்டுக்குள் உயிருடன் இருந்த ஆறு வயதுச் சிறுமியைக் காட்டிக்கொடுத்தது. 2020 ஆகஸ்டு 6-ந் தேதி இரவு மூணாறுக்கு அருகே பெட்டிமுடியில் தோட்டத் தொழிலாளர் லயங்களை மண் மூடியது. மாண்ட 70 பேரும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள்தான். பலருக்குப் பூர்வீகம் கயத்தாறு வட்டாரம். அங்கே குவி என்ற வளர்ப்பு நாய், தன் வீட்டுக் குழந்தை கிடந்த இடத்தை ஒரு வாரத்துக்குப் பின் காட்டியது. ஆனால் பெட்டிமுடியில் செய்தி வெளியே தெரியவே மறுநாள் காலை ஆயிற்று. அந்த இரவில் ரேடாரும் இல்லை, டெலிபோனும் இல்லை. நாய்க்கும் களைப்பு உண்டு. மழையும் புகையும் மோப்பத்தைக் கெடுக்கும். ஒலிக்கருவிக்கோ உள்ளே இருப்பவர் தட்டவாவது வேண்டும். மயங்கிக் கிடப்பவரும் மூச்சு விடுகிறார் என்பதே ரேடாரின் பலம். ஒன்று மற்றதன் குறையை நிரப்புகிறது, ஒன்றுக்கு ஒன்று போட்டி அல்ல.

இடம் தெரிந்த விபத்துகளில் ரேடாருக்கு வேலையே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் ஆழ்குழாய்க் கிணற்றில் விழுந்த 2 வயதுக் குழந்தை எங்கே இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். எடுக்கத்தான் வழி இல்லை. 2023 நவம்பரில் உத்தரகண்டின் சில்க்யாரா சுரங்கத்தில் 17 நாள் அகப்பட்ட 41 தொழிலாளர்களோடு குழாய் வழியே பேசவே முடிந்தது.

போஸின் ஊர்

இந்த வித்தை முழுவதும் வெளிநாட்டார் சொத்து என்று எண்ணிவிடக் கூடாது. மைக்ரோவேவின் சரித்திரத்தில் கொல்கத்தாவுக்கு முதல் வரிசையில் இடம். 1895-ல் இங்கே டவுன் ஹாலில் ஜகதீச சந்திர போஸ், கண்ணுக்குத் தெரியாத அலையைச் சுவர் தாண்டி அனுப்பி, அப்பால் ஒரு மணியை அடிக்கவும் வெடிமருந்தை வெடிக்கவும் வைத்துக் காட்டினார். சுவருக்கு அப்பால் அலையை அனுப்பி வேலை வாங்குவது என்ற எண்ணமே அன்று இந்த நகரத்தில் பிறந்தது என்று சொன்னாலும் மிகையல்ல. அவர் பயன்படுத்தியது மில்லிமீட்டர் கணக்கான சிறிய அலைகள். 1897-ல் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் அவர் காட்டிய கருவிகளில் அலையைத் திரட்டும் புனலும் இருந்தது. இன்றைய ஹார்ன் ஆண்டெனாவின் மூதாதை அது. கருவிகளை அவருக்குச் செய்து கொடுத்தவர் உள்ளூர்த் தகரக் கொல்லர் ஒருவர். அலையின் திசையை வடிகட்ட அவர் எடுத்துக்கொண்ட பொருள்களில் முறுக்கிய சணலும் உண்டு, பக்கங்களுக்கு இடையே ஈயத்தாள் செருகிய பிராட்ஷா ரயில்வே கால அட்டவணையும் உண்டு! ரயில்வே கால அட்டவணை விஞ்ஞானத்துக்குச் செய்த சேவை என்று இதைக் குறித்துக்கொள்ளலாம்.

ஆசாரிய பிரபுல்ல சந்திர ரோட்டில் போஸ் 1917-ல் நிறுவிய ஆராய்ச்சி நிலையம் இன்றும் இருக்கிறது. அதன் பக்கத்திலேயே ராஜாபஜார் விஞ்ஞானக் கல்லூரி வளாகத்தில், சிசிர் குமார் மித்ராவின் முயற்சியால் 1949-ல் உருவான ரேடியோ இயற்பியல், மின்னணுவியல் துறை. ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் மைக்ரோவேவ் படிப்பு. சால்ட் லேக்கில் மத்திய சர்க்காரின் 'சமீர்' நிறுவனத்துக் கொல்கத்தா மையம். பெங்களூரில் ராணுவ ஆராய்ச்சி அமைப்பின் ரேடார் ஆய்வுக்கூடம், சுவருக்கு அப்பால் பார்க்கும் 'திவ்ய சக்ஷு' என்ற கருவியை உருவாக்கியது. அறிவு இல்லாத நாடு அல்ல இது. ராஜாபஜாரிலிருந்து கணேஷ் டாக்கீஸ் சந்திப்புக்கு நடந்தே போய்விடலாம். ஆனால் ஆய்வுக்கூடத்து மேஜையிலிருந்து மீட்புப் படையின் லாரிக்குப் போகும் வழி அத்தனை சுருக்கமாக இல்லை. மேற்கு வங்கத்துக்கான தேசிய பேரிடர் மீட்புப் படையின் இரண்டாவது பட்டாலியன் நதியா மாவட்டத்து ஹரிங்கட்டாவில் இருக்கிறது. அங்கிருந்து நகரத்துக்கு வந்து சேரவே நேரம் பிடிக்கும். கருவி சிறியதாகவும் மலிவாகவும் இருந்தால் ஒவ்வொரு தீயணைப்பு நிலையத்திலும் ஒன்று வைக்கலாம். ஆண்டெனாவைச் சுருக்குவதன் உண்மையான பலன் இதுதான். ஒரு படைக்கு ஒன்று என்பதற்கும் ஒரு பேட்டைக்கு ஒன்று என்பதற்கும் உள்ள தூரத்தை அது குறைக்கும்.

உள்ளே எத்தனை பேர்?

முதலில் கேட்ட கேள்வியில் இரண்டு பாதி இருந்தன. 'எந்த இடத்தில்' என்பதற்கு அலை பதில் சொல்லலாம். 'எத்தனை பேர்' என்பதற்கு அலை வேண்டியதில்லை, ஒரு நோட்டுப் புத்தகம் போதும். 2014 ஜூன் 28, சனிக்கிழமை மாலை மழையில் சென்னை மௌலிவாக்கத்தில் பதினோரு மாடிக் கட்டடம் விழுந்து 61 பேர் மாண்டனர். 27 பேர் உயிருடன் மீட்கப்பட்டனர். மூன்று நாட்களுக்குப் பின்னும் ஒரிசாத் தொழிலாளி ஒருவர் உயிரோடு எடுக்கப்பட்டார். மாண்டவர்களில் பெரும்பாலோர் ஆந்திரத்திலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் தமிழ்நாட்டின் கிராமங்களிலிருந்தும் கூலிக்கு வந்தவர்கள். தமிழ்நாட்டில் அவர்கள் வெளியூர்க்காரர்கள். வங்கத்தில் தமிழன் வெளியூர்க்காரன். இடிபாட்டுக்குள் கிடக்கும் வெளியூர்க்காரனைத் தேடி வாசலில் வந்து நிற்க மனைவி மக்கள் பக்கத்தில் இருப்பதில்லை. 'இன்னும் ஒருவர் உள்ளே இருக்கிறார்' என்று சொல்ல ஆள் இல்லாவிட்டால் தேடுதல் ஒரு நாள் முன்னதாகவே நின்றுவிடும்.

வேறு மாநிலத்துக்கு வேலைக்குப் போகும் தொழிலாளருக்காக 1979-ல் ஒரு சட்டம் வந்தது. ஒப்பந்தக்காரர் ஒவ்வொரு தொழிலாளிக்கும் போட்டோ ஒட்டிய பாஸ்புக் கொடுக்க வேண்டும், ஹிந்தி இங்கிலீஷோடு அவரவர் தாய்மொழியிலும் விவரம் எழுத வேண்டும் என்று அதில் கண்டிருந்தது. தமிழில் எழுதிய அந்தப் பாஸ்புக்கைக் கண்ணால் பார்த்த தமிழ்த் தொழிலாளி கொல்கத்தாவில் எத்தனை பேர் இருப்பார்கள் என்பதை வாசகர்களே தங்கள் பக்கத்து அறைக்காரரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். 2020-ல் அந்தச் சட்டம் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் சேர்க்கப்பட்டது. பெயர்ப் பதிவேடு வைக்கும் பொறுப்பு இன்றும் வேலை கொடுப்பவருடையதே.

இரண்டையும் சேர்த்தே யோசிக்க வேண்டியிருக்கிறது. உள்ளே ஒன்பது பேர் என்று பதிவேடு சொன்னால், எட்டுப் பேரை எடுத்த பிறகும் கருவியை மறுபடி மறுபடி வைத்துப் பார்ப்பார்கள். வயநாட்டில் போல அறிகுறி ஒன்று தெரிந்தால் அது மனிதனாக இருக்க வாய்ப்பு உண்டா இல்லையா என்பதையும் அந்தக் கணக்கை வைத்தே தீர்மானிப்பார்கள். பதிவேடு இல்லாத இடத்தில் எவ்வளவு நுட்பமான ஆண்டெனாவும் தேடுவதை எப்போது நிறுத்துவது என்று சொல்ல முடியாது.

உடனடியாகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு, செலவும் அதிகமில்லை. நகரத்தில் பழைய வீடுகளை இடித்த செங்கல்லுக்கும், உடைத்த ஆர்.சி.சி. தளத்துக்கும் பஞ்சமில்லை. ஹரிங்கட்டாவிலோ சால்ட் லேக்கிலோ அவற்றை நாலு குவியலாகக் கொட்டி, ஒன்றில் கம்பி, ஒன்றில் வெறும் செங்கல், ஒன்றில் ஈரக் களிமண், ஒன்றில் எல்லாம் கலந்து வைத்து, அடியில் ஆள் படுக்க இடம் விட்டு, பல்கலைக்கழகப் பையன்கள் செய்துவரும் ஆண்டெனாக்களை மீட்புப் படைக்காரர்கள் கையில் கொடுத்து மழைக்காலத்தில் சோதிக்கச் சொல்லலாம். எந்த அலைவரிசை கொல்கத்தாவின் இடிபாட்டுக்கு ஏற்றது என்பது மிச்சிகனில் எழுதிய கட்டுரையில் கிடைக்காது. அது ஜூலை மாதத்தில், நனைந்த சுர்க்கியின் மேல், பலகையை வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.